ஆடிட்டர் ஆவது எப்படி? ஒரு அரை ஆடிட்டர் சொல்வது

கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்சந்தையில் என் ஆபீஸ் வாசலில் தொங்கும் போர்டில் ‘வரி ஆலோசகர், ஜிஎஸ்டி பிராக்டிஷனர்’ என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனாலும் ஊரில் என் பெயர் ஆடிட்டர். கீழே டீக்கடையில் ‘ஆடிட்டருக்கு ஒரு கட்டன்’ என்று சத்தம் போடுவார்கள், கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் ஆடிட்டர் என்று எழுதிக் கொடுப்பார்கள். ஆரம்பத்தில் ஒவ்வொருவரையும் திருத்திக்கொண்டிருந்தேன், அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். போன மாதம் சவூதியில், தம்மாமில் இருக்கும் நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். “அண்ணே, மவ பிளஸ் டூவில காமர்ஸ் எடுத்திருக்கா, உங்கள மாதிரி ஆடிட்டர் ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கா, அதுக்கு என்ன படிக்கணும்ணே?” என்றான். என்னை மாதிரி ஆனால் ஆடிட்டர் ஆக முடியாது என்று சொல்லித்தான் பேச்சையே தொடங்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் பேசியும் முடியாததால் இதை எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தில் கணக்கு, வரி என்று ஏதாவது பார்க்கிறவர் எல்லாரும் ஆடிட்டர்தான். வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் தருகிறவர், ஜிஎஸ்டி மாதக் கணக்கு ஏற்றுகிறவர், பான் கார்டு எடுத்துத் தருகிற ஆன்லைன் சென்டர்காரர், பேங்க் லோனுக்கு புராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கிறவர், எல்லாருக்கும் அந்த ஒரே பட்டம். இவர்கள் செய்யும் வேலையில் தப்பில்லை, நானும் அதைச் செய்துதான் சோறு சாப்பிடுகிறேன். ஆனால் ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்து ‘சரியாக இருக்கிறது’ என்று கையெழுத்துப் போடும் உரிமை இந்த நாட்டில் ஒரே ஒரு வகை ஆளுக்குத்தான் உண்டு. சார்ட்டர்டு அக்கவுண்டன்ட், அதாவது சிஏ. 1949இல் நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. அந்த வருடம் ஜூலை 1ஆம் தேதி ஐசிஏஐ என்ற இன்ஸ்டிட்யூட் பிறந்தது. பாடத்திட்டம் போடுவது, பரீட்சை வைப்பது, லைசென்ஸ் கொடுப்பது, தப்பு செய்தால் விசாரித்துப் பெயரை நீக்குவது எல்லாமே அந்த ஒரே இடம்தான். பல்கலைக்கழகத்துக்கு இதில் வேலையே இல்லை. எம்.காம் தங்கப் பதக்கம் வாங்கியிருந்தாலும் ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது.

ஒருவர் உண்மையில் சிஏதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டால், முதலில் போர்டைப் பாருங்கள் என்பேன். சிஏக்கள் இஷ்டத்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது, வாடிக்கையாளரைத் தேடிப் போய் வேலை கேட்கவும் கூடாது என்று அவர்களுடைய சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் அவர்களுடைய போர்டு பெரும்பாலும் சின்னதாக, பெயரும் ‘சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்ஸ்’ என்ற சொல்லும் மட்டும் இருக்கிற மாதிரி, எங்காவது மாடிப்படி ஓரத்தில் இருக்கும். பஸ் ஸ்டாண்டு எதிரில் பிளெக்ஸ் கட்டி ‘லோன், ஜிஎஸ்டி, பான், ஐடி ரிட்டர்ன், உடனடி சேவை’ என்று பத்து நிறத்தில் அடித்திருந்தால் அது என்னைப் போன்ற ஆள். இரண்டாவது, யுடிஐஎன். சிஏ ஒருவர் கொடுக்கும் எந்தச் சான்றிதழிலும், எந்த ஆடிட் ரிப்போர்ட்டிலும் 18 இலக்க எண் ஒன்று இருக்க வேண்டும் என்பது 2019இல் கட்டாயமானது. அந்த எண்ணை ஐசிஏஐயின் தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். அதற்கு முன்னால் சிஏ பெயரில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து கையெழுத்துப் போட்டு பேங்கில் கொடுத்த கதைகள் நிறைய உண்டு. இப்போது பேங்க் மேனேஜரே முதலில் எண்ணைத்தான் தட்டிப் பார்க்கிறார்.

இந்தக் கையெழுத்து நம் ஊருக்கு எதற்கு இவ்வளவு தேவைப்படுகிறது? குளச்சலில் கம்பெனியாகப் பதிவு செய்த ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனம், மார்த்தாண்டத்தில் பிரைவேட் லிமிடெட் ஆன ஒரு சீட்டுக் கம்பெனி, இவை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வருடா வருடம் ஆடிட் உண்டு. கம்பெனியே இல்லாத சாதாரண வியாபாரிக்கும் விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டினால் டாக்ஸ் ஆடிட், ரொக்கப் புழக்கம் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் மட்டும் அந்த வரம்பு பத்து கோடி. அப்புறம் சர்ச் டிரஸ்டுகள், பள்ளிக்கூடம் நடத்தும் டிரஸ்டுகள், அனாதை இல்லங்கள். வருமானம் வரம்பைத் தாண்டினால் இவற்றுக்கும் ஆடிட் ரிப்போர்ட் வேண்டும், வெளிநாட்டிலிருந்து நன்கொடை வாங்கினால் அதற்குத் தனியாக வருடாந்திரக் கணக்கும் ஆடிட்டர் சான்றும் வேண்டும். நம் மாவட்டத்தில் இவை எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தாலே தெரியும். பையன் வெளிநாட்டில் படிக்கப் போகிறான் என்றால் அப்பாவின் சொத்து மதிப்பைக் காட்டும் நெட்வொர்த் சர்டிஃபிகேட் கேட்பார்கள். துபாயில் இருப்பவர் கருங்கல் பக்கம் இருக்கும் பூர்வீக நிலத்தை விற்று அந்தப் பணத்தை வெளியே கொண்டுபோகப் பார்த்தால் வரி கட்டியாயிற்று என்று ஒரு சிஏ சான்று கொடுக்க வேண்டிவரும். நிறையக் குடும்பங்கள் கடல் கடந்து சம்பாதிக்கிற மாவட்டம் இது, அதனால் இந்த மாதிரி வேலை ஓய்வதே இல்லை. என்னிடம் வருகிற பத்துப் பேரில் இரண்டு பேரையாவது ‘இதற்கு சிஏ கையெழுத்து வேண்டும்’ என்று நாகர்கோவிலுக்கு அனுப்பிவைக்கிறேன்.

சரி, வழிக்கு வருவோம். 2023 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பது புதிய திட்டம், மூன்று படிகள். முதல் படி ஃபவுண்டேஷன். பத்தாம் வகுப்பு முடித்ததும் பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் பிளஸ் டூ எழுதிய பிறகுதான் பரீட்சை. நான்கு தாள், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண்: அக்கவுண்டிங், வணிகச் சட்டம், கணிதமும் புள்ளியியலும் தர்க்கமும் சேர்ந்த ஒரு தாள், பொருளாதாரம். முதல் இரண்டும் எழுதுகிற தாள். பின் இரண்டும் கொள்குறி வகை, தப்பாகக் குறித்தால் கால் மதிப்பெண் போய்விடும். ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். இந்த ‘மொத்தத்தில்’ என்ற சொல்லைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அது எத்தனை பேரைக் கவிழ்த்திருக்கிறது என்று பின்னால் சொல்கிறேன். பரீட்சை வருடத்தில் மூன்று முறை, ஜனவரி, மே, செப்டம்பர். நான்கு மாதம் முன்னாலேயே பதிவு செய்திருக்க வேண்டும். ஜனவரிக்கு செப்டம்பர் 1, மே மாதத்துக்கு ஜனவரி 1, செப்டம்பருக்கு மே 1 கடைசி நாள். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறவர்கள் இங்கேயே ஒரு முறையை இழக்கிறார்கள்.

டிகிரி முடித்தவர்களுக்கு இந்தப் படி கிடையாது. பி.காம், எம்.காம் என்றால் 55 சதவீதம், மற்ற டிகிரி என்றால் 60 சதவீதம் இருந்தால் நேராக இரண்டாவது படிக்குப் போகலாம். நம் ஊர்க் கல்லூரிகளில் பி.காம் மூன்றாம் வருடம் படிக்கும்போதுதான் பலருக்கு சிஏ என்று ஒன்று இருப்பதே புத்தியில் உறைக்கிறது, அவர்களுக்கு இது நல்ல கதவு. ஆனால் ஒன்று சொல்கிறேன், ஃபவுண்டேஷன் எழுதி வந்தவர்களுக்குக் கணக்கில் ஒரு பழக்கம் இருக்கிறது, நேரடியாக வருகிறவர்கள் முதல் ஆறு மாதம் மூச்சுத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது படி இன்டர்மீடியட். ஆறு தாள், இரண்டு குரூப். முதல் குரூப்பில் அட்வான்ஸ்டு அக்கவுண்டிங், கம்பெனி சட்டம், வரி. இரண்டாவதில் காஸ்டிங், ஆடிட்டிங், நிதி மேலாண்மை. பதிவு செய்து எட்டு மாதம் படித்த பிறகே எழுத முடியும். இங்கும் அதே கணக்கு, தாளுக்கு 40, குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதம். ஒரு தாளில் 60 எடுத்துக் குரூப்பில் தோற்றால், அடுத்த மூன்று முறைக்கு அந்தத் தாளை எழுத வேண்டாம், எக்ஸெம்ப்ஷன் கிடைக்கும். கேட்க நன்றாக இருக்கும். நான் எழுதிய காலத்தில் இதற்கு ஐபிசிசி என்று பெயர், முதல் குரூப் இரண்டாவது முயற்சியில் பாஸ். இரண்டாவது குரூப்பில் மூன்று தாளும் தனித்தனியாகப் பாஸ், 300க்கு 150 வேண்டிய இடத்தில் 146. நான்கு மதிப்பெண். அடுத்த முறை 139, அதற்கடுத்த முறை அப்பாவுக்கு நெஞ்சுவலி, அதற்குப் பிறகு கல்யாணம். தாளுக்குத் தாள் பாஸ் ஆகிவிட்டுத் தோற்றேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள், யாருக்கும் புரியாது. என் அம்மா இன்றைக்கும் யாரோ பேப்பரைத் தப்பாகத் திருத்திவிட்டார்கள் என்றுதான் நம்புகிறாள்.

அப்போது ஒரு குரூப் முடித்தாலே ஆர்ட்டிகிள்ஷிப் என்ற தொழிற்பயிற்சியில் சேரலாம், மூன்று வருடம். இப்போது இரண்டு குரூப்பும் முடித்த பிறகுதான் சேர முடியும், காலமும் இரண்டு வருடமாகக் குறைந்துவிட்டது. பழைய முறையில் என்னைப் போல் ஆர்ட்டிகிள்ஷிப்பை முடித்துவிட்டு இன்டர் முடிக்காமல் நின்றுபோன பட்டாளம் ஒன்று உண்டு. புதிய முறை அந்தக் குழியை மூடியிருக்கிறது, அந்த மட்டுக்கு நல்லது.

ஆர்ட்டிகிள்ஷிப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் யாரும் கேட்பது பரீட்சையைப் பற்றி மட்டும்தான். எந்த கோச்சிங் நல்லது, எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும், யார் நோட்ஸ் நன்றாக இருக்கும். இரண்டு வருடம் எந்த ஆபீஸில் உட்காரப்போகிறோம் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆர்ட்டிகிள்ஷிப் என்பது பிராக்டிஸில் இருக்கும் ஒரு சிஏவிடம் தொழில் பழகுவது. அந்த சிஏவைப் பிரின்சிபால் என்பார்கள். சேரும் முன் கணினிப் பயிற்சியும் ஓரியண்டேஷன் வகுப்பும் முடித்திருக்க வேண்டும், அது நான்கு வாரம். வாரத்துக்கு 35 மணி நேர வேலை, மாதம் ஸ்டைபண்ட் உண்டு. ஸ்டைபண்டின் குறைந்தபட்சத் தொகை ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது, சென்னைக்கு ஒன்று, நாகர்கோவிலுக்கு அதைவிடக் குறைவு. எதுவானாலும் பஸ் கட்டணத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும்தான் ஆகும். கூடவே பி.காம் படிப்பதென்றால் படிவம் 112 கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், கல்லூரி நேரமும் ஆபீஸ் நேரமும் முட்டக் கூடாது.

நான் சேர்ந்தது வெளியூரில் ஒரு ஆபீஸ், பெயர் வேண்டாம். முதல் ஒன்றரை வருடம் டாலி என்ற கணக்கு மென்பொருளில் வவுச்சர் ஏற்றுவது, சார் வீட்டு கரண்ட் பில் கட்டுவது, பேங்குக்குப் போய் செக் போடுவது, இவ்வளவுதான் வேலை. ஸ்டைபண்ட் கணக்கில் வரும், அதில் பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் பலருக்கு இது நடந்தது, வாயைத் திறக்க மாட்டோம், ஏனென்றால் பயிற்சி முடிந்த படிவத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி வருடத்தில்தான் சீனியர் ஒருவர் என்னை ஒரு அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலை ஆடிட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். குலசேகரம் பக்கம், வறுத்த தோட்டண்டியின், அதாவது உடைக்காத முந்திரியின் புகை நாற்றம் சட்டையில் ஒரு வாரம் இருந்தது. ஸ்டாக் புத்தகத்தைத் திறக்கும் முன் அவர் குடோனுக்குள் போய் மூட்டைகளை எண்ணினார். பிறகு, ஒரு மூட்டைத் தோட்டண்டிக்கு எத்தனை கிலோ பருப்பு விழும் என்று அங்கே உடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டார். அந்தப் பதிலை உற்பத்திக் கணக்கோடு வைத்துப் பார்த்தபோது பருப்பில் ஒரு பகுதி புத்தகத்துக்கே வரவில்லை என்று தெரிந்தது. ஆடிட்டிங் பாடப் புத்தகத்தில் ‘அனலிட்டிகல் புரொசீஜர்’ என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததன் அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது.

அதனால்தான் சொல்கிறேன், எங்கே சேருகிறோம் என்பது முக்கியம். உள்ளூர் ஆபீஸ், திருநெல்வேலி, திருவனந்தபுரம், சென்னை என்று நம் பிள்ளைகளுக்கு நான்கு வழி. சென்னையில் பெரிய ஃபர்மில் சேர்ந்தால் பெயர் கிடைக்கும், பெரிய கம்பெனிகளின் கணக்கைப் பார்க்கலாம், இறுதித் தேர்வில் வரும் ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் தாளில் இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் ஆறு மாதம் ஒரே கம்பெனியின் ஒரே தலைப்பைப் பார்த்துக்கொண்டு, ஹோட்டல் அறைகளில் படிக்க நேரமில்லாமல் கிடப்பவர்களையும் தெரியும். உள்ளூரில் ஒரு ஃபைலைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே ஆள் பார்ப்பார். விவசாயியிடம் நேரடியாக உடைக்காத முந்திரி வாங்கினால் ஜிஎஸ்டியை வாங்குகிறவரே கட்ட வேண்டும், ரிவர்ஸ் சார்ஜ். ரப்பர்க்காரர் பாலைத் தானே பதப்படுத்தி சென்ட்ரிஃபியூஜ் செய்த லேடெக்ஸாக விற்றால், அந்த வருமானத்தில் 35 சதவீதம் வியாபார வருமானம், மீதி விவசாயம் என்று பிரிக்க வேண்டும். இதெல்லாம் சென்னையில் இருக்கிற பிள்ளைக்குப் புத்தகத்தில் ஒரு வரி, இங்கே இருக்கிற பிள்ளைக்கு வாசலில் நிற்கும் ஆள். திருவனந்தபுரம் நல்ல நடுவழி என்பது என் அபிப்பிராயம். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய் வரலாம், அங்கே இன்ஸ்டிட்யூட்டின் கிளையும் இருக்கிறது, மலையாளம் நமக்கு ஒரு பிரச்சினையே இல்லை. கிழக்கே ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் என்றால் திருநெல்வேலி சுலபம், அங்கும் கிளை உண்டு. எங்கே சேர்ந்தாலும் சேரும் முன் அந்த ஆபீஸில் இப்போது இருக்கிற ஆர்ட்டிகிள் பிள்ளைகளை டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போய் மூன்று கேள்வி கேளுங்கள்: ஆடிட்டுக்கு வெளியே அனுப்புகிறார்களா, பரீட்சைக்கு லீவு கிடைக்குமா, ஸ்டைபண்ட் முழுசாகக் கைக்கு வருகிறதா. சேர்ந்த பிறகு நினைத்தபடி மாற முடியாது, அதற்குத் தனி விதிகள் இருக்கின்றன.

மூன்றாவது படி, இறுதித் தேர்வு. ஆர்ட்டிகிள்ஷிப் முடிந்து ஆறு மாதம் கழித்து எழுதலாம். மறுபடியும் ஆறு தாள், இரண்டு குரூப். ஆறாவது தாள் கொஞ்சம் வித்தியாசமானது, எல்லாப் பாடமும் கலந்த கேஸ் ஸ்டடி, புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம். திறந்து வைத்தும் ஒன்றும் கிடைக்காது என்று எழுதியவர்கள் சொல்கிறார்கள். இதற்கு முன்னால் ஆன்லைனில் தாமே படித்து முடிக்க வேண்டிய நான்கு தொகுதிகளும் இருக்கின்றன. 2024 நவம்பரில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களில் தேறியவர்கள் 13.44 சதவீதம். எல்லாப் படியும் முதல் முயற்சியிலேயே தாண்டினால் பிளஸ் டூவுக்குப் பின் மூன்றரை, நான்கு வருடம். அப்படித் தாண்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், வீட்டில் கணக்குப் போடும்போது ஆறு ஏழு வருடம் என்று போட்டுக்கொள்வது நிம்மதி.

பாஸ் ஆனதோடு வேலை முடியவில்லை. இன்ஸ்டிட்யூட்டில் உறுப்பினராகப் பதிய வேண்டும், ஆறு இலக்க எண் கிடைக்கும். அது மட்டும் இருந்தால் கம்பெனியில் வேலைக்குப் போகலாம். வெளியே ஆபீஸ் போட்டுக் கையெழுத்திட வேண்டுமென்றால் ‘சர்டிஃபிகேட் ஆஃப் பிராக்டிஸ்’ என்று தனியாக ஒன்று வாங்க வேண்டும், உண்மையில் லைசென்ஸ் என்பது இதுதான். இதை வாங்கினால் முழுநேரச் சம்பள வேலை பார்க்க முடியாது, வாங்கிய பிறகும் மூன்று வருடத்தில் 120 மணி நேரம் வகுப்பு, கருத்தரங்கு என்று படித்துக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ஆள் ஒரு வருடத்தில் 60 டாக்ஸ் ஆடிட்டுக்கு மேல் செய்யக் கூடாது என்றும் ஒரு வரம்பு. கெடு நெருங்கும் செப்டம்பர் கடைசி வாரம் நாகர்கோவில் ஆடிட்டர் ஆபீஸ்களில் ராத்திரி இரண்டு மணிக்கும் லைட் எரியும், ‘இந்த வருடம் புது ஃபைல் எடுக்க மாட்டேன்’ என்று அவர்கள் கையை விரிப்பது இந்த வரம்பால்தான்.

கையெழுத்து சும்மா இல்லை என்பதையும் நண்பனிடம் சொன்னேன். 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற ஐடி கம்பெனியின் தலைவரே கணக்கெல்லாம் பொய் என்று கடிதம் எழுதினாரே, அப்போது கைதானவர்களில் அந்தக் கணக்கைத் தணிக்கை செய்த ஃபர்மின் பார்ட்னர்கள் இரண்டு பேரும் உண்டு. பெரிய கம்பெனிகளின் ஆடிட்டர்களைக் கண்காணிக்க 2018இல் என்எஃப்ஆர்ஏ என்று தனி அமைப்பே வந்துவிட்டது. நம் ஊரில் அவ்வளவு பெரிய கம்பெனி இல்லை என்று நினைக்கலாம். ஆனால் லோன் கேட்டு வருகிற கடைக்காரர் ‘ஸ்டாக்கை ஒரு பத்து லட்சம் கூட்டிப் போடுங்க சார், எல்லாரும் போடுறதுதானே’ என்று சிரித்துக்கொண்டே கேட்பார், அவர் சொந்தக்காரராகவும் இருப்பார், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் போக வேண்டியும் இருக்கும். சின்ன ஊரில் ஆடிட்டராக இருப்பதில் கஷ்டமான பகுதி எதுவென்று கேட்டால், பரீட்சையைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

பணம் எவ்வளவு ஆகும் என்று தம்மாமில் இருந்து நண்பன் இரண்டு முறை கேட்டான். பதிவுக் கட்டணம், கட்டாயப் பயிற்சிகள், பரீட்சைக் கட்டணம் எல்லாம் மூன்று படிக்கும் சேர்த்து ஒரு லட்சத்தைச் சுற்றித்தான் வரும். கோச்சிங் தனி, அது போகிற இடத்தைப் பொறுத்தது. இன்ஸ்டிட்யூட்டே ஆன்லைனில் இலவச நேரலை வகுப்பு நடத்துகிறது, ஸ்டடி மெட்டீரியலும் அவர்கள் கொடுப்பதுதான் பரீட்சைக்கு அடிப்படை. இன்ஜினீயரிங் கல்லூரிக்கு ஒரு வருடம் கட்டுகிற பணத்தில் இது முடிந்துவிடும் என்று சொன்னதும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை, மலிவாக இருந்தால் மதிப்பில்லையோ என்று ஒரு சந்தேகம். உண்மையான தடை பணம் இல்லை, மொழி. பரீட்சையை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுதலாம், தமிழ் கிடையாது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்குக் கணக்குத் தாள்கள் சிக்கலில்லை, சட்டத் தாளில்தான் அடி விழுகிறது. ஒரு சட்டப் பிரிவை எடுத்து, நடந்த சம்பவத்தோடு பொருத்தி, முடிவைச் சொல்லிப் பத்து வரி ஆங்கிலத்தில் எழுதுவதற்கு முதல் நாளிலிருந்தே கையால் எழுதிப் பழக வேண்டும். வீடியோ பார்த்தால் வராது.

பெண் பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்று அவன் மனைவி பின்னாலிருந்து கேட்டார். இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம். சுதந்திரப் போராட்டத்தில் ஒரு வருடம் வேலூர்ச் சிறையில் இருந்துவிட்டு, 1933இல் கணக்கியல் டிப்ளமோ முடித்தவர். சிறை சென்றவர்கள் தணிக்கையாளராகப் பதிய முடியாது என்ற விதி குறுக்கே வந்தபோது வழக்குப் போட்டு ஜெயித்தார், பிற்பாடு 1955 முதல் 1958 வரை இன்ஸ்டிட்யூட்டின் தென்மண்டலக் குழுத் தலைவராகவும் இருந்தார். இதைச் சொன்னேன். கூடவே, ஆர்ட்டிகிள்ஷிப் நடக்கும்போது மட்டும் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிக்காதீர்கள் என்றும் சொன்னேன், அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

நம் சிஏ மாதிரி அமெரிக்காவில் இருக்கும் சிபிஏ பற்றியும் இப்போது நிறைய விளம்பரம் வருகிறது, ஒரு வருடத்தில் முடிந்துவிடும், லட்சத்தில் சம்பளம் என்று. அது நல்ல தகுதிதான், போலி இல்லை. நான்கு தாள், மூன்று எல்லோருக்கும் பொது, ஒன்று நாமே தேர்ந்தெடுப்பது. 2024 முதல் இந்த அமைப்பு. இந்தியாவிலேயே எழுதலாம், திருவனந்தபுரத்தில் மையம் இருக்கிறது. ஆனால் லைசென்ஸ் தருவது அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலத்து போர்டும் தனித்தனியாக. பெரும்பாலும் 150 கிரெடிட் படிப்பு கேட்பார்கள், நம் கல்லூரியில் ஒரு வருடத்தை 30 கிரெடிட் என்று கணக்கிடுவது வழக்கம், அதனால் வெறும் பி.காம் போதாமல் போகும். சில மாநிலங்கள் இந்த விதியைத் தளர்த்தி வருகின்றன. பரீட்சைக்கு மேல் வேலை அனுபவமும் காட்ட வேண்டும். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலோ பெங்களூரிலோ அமெரிக்கக் கணக்கு பார்க்கும் கம்பெனி வேலைக்கு இது உதவும். நாகர்கோவிலில் ஒரு கம்பெனியின் ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட உதவாது. வளைகுடாவும் அப்படித்தான். அமீரகத்தில் 2018இல் வாட் வந்தது, 2023 ஜூன் முதல் கம்பெனி வருமான வரியும் வந்தது, அதனால் நம் சிஏக்களுக்கு அங்கே வேலை நிறைய. ஆனால் வேலை வேறு, அங்கே ஆடிட்டராகக் கையெழுத்துப் போடும் உரிமை வேறு, அதை அந்த நாட்டு அரசிடம் தனியாக வாங்க வேண்டும்.

பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதையும் மறைக்கக் கூடாது. பி.காம் கையில் இருந்தால் ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிந்து, அதற்கான தேர்வெழுதி என்னைப் போல் ஆபீஸ் போடலாம். காஸ்ட் அக்கவுண்டன்ட் பக்கம் போகலாம், அது 1959ஆம் வருடச் சட்டத்தில் வந்த வேறு இன்ஸ்டிட்யூட். இன்டர் முடித்து ஆர்ட்டிகிள்ஷிப்பும் முடித்தவருக்குக் கம்பெனிகளில் அக்கவுண்ட்ஸ் வேலை தாராளமாகக் கிடைக்கும். நான் கஷ்டப்படவில்லை, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், வண்டிக் கடன் முடிந்தது. ஆனால் பத்து வருடமாக எழுதிக் கொடுக்கும் ஒரு கடையின் விற்றுமுதல் வரம்பைத் தாண்டும் வருடத்தில், நான் தயார் செய்த பேலன்ஸ் ஷீட்டை நானே எடுத்துக்கொண்டு போய், என்னைவிடப் பத்து வயது குறைந்த சிஏவின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, அவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். அந்தப் பையன் மரியாதையாகத்தான் ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுகிறான். கேள்விகளையும் விடுவதில்லை, அது அவன் வேலை.

கடைசியில் அந்தப் பிள்ளையே போனை வாங்கினாள். “மாமா, உங்க பழைய புக்கெல்லாம் இருக்கா? நான் வந்து எடுத்துக்கட்டுமா?” என்றாள். “மக்களே, 1961ஆம் வருட வருமான வரிச் சட்டமே போய், 2026 ஏப்ரல் முதல் புதுச் சட்டம். அதை வெச்சுட்டு என்ன செய்வே?” என்றேன். அக்கவுண்டன்சி கணக்குப் புத்தகம் ஒன்று மட்டும் பரணில் இருந்தது, பார்ட்னர்ஷிப் கணக்குகள் இன்றைக்கும் அதேதான், ஞாயிற்றுக்கிழமை அவள் பாட்டி வந்து வாங்கிக்கொண்டு போனார். டாக்ஸ் புத்தகங்களை அம்மா எடைக்குப் போட விடமாட்டேன் என்கிறாள்.